லூட்டன் டவுன் எப்படி ஏறியது? அதை மற்ற சின்ன கிளப்புகளும் செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: 2014 வரை இங்கிலாந்தின் ஐந்தாம் நிலைக் கால்பந்துப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த லூட்டன் டவுன், 2023-ல் முதல் நிலையான பிரீமியர் லீக்குக்கு வந்துவிட்டது. பெரும் கோடீஸ்வர முதலாளி யாரும் இல்லாமல் இது எப்படி நடந்தது? இதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறதா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டம்தானா? கேள்வியில் லூட்டன் பெயர் இருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது சின்ன கிளப் ஒன்று மேலே வருவதைத் திட்டமிட முடியுமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில்: பாதி தூரம் வரை திட்டமிடலாம். கடன் கழுத்தை நெரிக்காமல், வருடா வருடம் கொஞ்சம் நல்ல அணியாகிக்கொண்டே, வாய்ப்பு வரும் இடத்தில் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரு கிளப்பின் கையில் இருக்கிறது. அந்த வாய்ப்பு எந்த வருடம் கைகூடும் என்பது யார் கையிலும் இல்லை.

நான் தொழில்முறையில் தணிக்கையாளன். பல ஆண்டுகளாக இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளைப் படித்துவருகிறேன். அங்கே எல்லா நிறுவனங்களும் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். ஆகவே கீழே நான் சொல்வதில் பணம், விதிகள், நிர்வாகம் பற்றிய பகுதியை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும் அறையில் நடந்த பேச்சும் பயிற்சி மைதானத்தின் நுட்பமும் கணக்குப் புத்தகத்தில் வராது. அந்தப் பக்கத்துக்குப் போகும்போது என் பேச்சை அபிப்பிராயமாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் ஏணியைப் பார்க்கலாம். பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் என்று மேலிருந்து ஐந்து நிலைகள். லூட்டன் ஏறிய காலத்து விதிப்படி நேஷனல் லீக்கின் 24 அணிகளில் இரண்டுதான் மேலே போகும். ஒன்று நேரடியாக, மற்றது பிளே-ஆஃப் வழியாக, அதாவது அடுத்த இடங்களில் முடித்த அணிகள் தங்களுக்குள் ஆடும் தகுதி ஆட்டங்கள் வழியாக. லீக் டூவிலிருந்து நான்கு, லீக் ஒன்னிலிருந்து மூன்று, சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்று. ஆக, மிகக் குறுகலான வாசல் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. 1987-க்கு முன்னால் அந்த வாசல்கூடக் கிடையாது. ஐந்தாம் நிலையில் வென்றாலும், மேலே இருக்கும் கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. விம்பிள்டன் 1977-லும் விகன் அத்லெடிக் 1978-லும் அப்படித்தான் உள்ளே வந்தன. களத்தில் ஜெயித்தால் மேலே போகலாம் என்பது அங்கேயே கொஞ்ச காலமாகத்தான் உண்மை.

சரி, லூட்டன். இந்தக் கதையை 2014-ல் தொடங்கினால் பாதி விளங்காது. 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று வருடம் அந்த அணி ஒவ்வொரு நிலையாக இறங்கியது. 2007 நவம்பரில் கடன் தாங்காமல் நிர்வாகம் நீதிமன்ற ஏற்பாட்டின் கீழ் போனதால் அந்த சீசனில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அடுத்த சீசனில் கழித்தது 30. பழைய நிர்வாகம் வீரர் பரிமாற்றத்தில் ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுத்த விதத்துக்காகக் கால்பந்துச் சங்கம் 10, கடன்காரர்களோடு முறையான உடன்பாடு இல்லாமல் திவால் நிலையிலிருந்து வெளியே வந்ததற்காக லீக் 20. ஆட்டம் தொடங்கும் முன்பே மைனஸ் 30. இந்தக் கழிவு மட்டும் இல்லையென்றால் அந்த வருடம் இறங்கியிருக்கவே மாட்டார்கள். தவறு செய்தவர்கள் போய்விட்டார்கள், தண்டனை புதிதாக வந்தவர்கள் தலையில் விழுந்தது. எனக்கு இன்றும் இது நியாயமாகப் படவில்லை.

புதிதாக வந்தவர்கள் யார் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். 2008-ல் கிளப்பை வாங்கியது ரசிகர்களான சில தொழில்காரர்கள் சேர்ந்து அமைத்த குழு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லூட்டன் டவுன் ஃபுட்பால் கிளப் 2020. கையில் இருந்தது லீக் டூவின் அடியில் கிடந்த ஓர் அணி, பெயரிலோ பன்னிரண்டு வருடம் தள்ளியிருந்த ஓர் ஆண்டு. கேரி ஸ்வீட் தலைமை நிர்வாகியாக வந்தார். பயிற்சியாளர்கள் மாறினார்கள், வீரர்கள் மாறினார்கள், அவர் இருந்தார். ஐந்தாம் நிலையில் ஐந்து சீசன் கிடந்தார்கள். 2010-ல் பிளே-ஆஃப் அரையிறுதியில் தோல்வி. 2011 இறுதியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் பெனால்டியில் தோல்வி. 2012 இறுதியில் யார்க் சிட்டியிடம் தோல்வி. நான் பார்த்த பல கிளப்புகள் இந்த மூன்றாவது தோல்விக்கு அப்புறம்தான் அகலக்கால் வைக்கும். ‘இந்த ஒரு வருடம் மட்டும்’ என்று சொல்லி, கைக்கு மீறிய சம்பளத்தில் நான்கைந்து பேரைச் சேர்க்கும். லூட்டன் அப்படிச் செய்யவில்லை. ஜான் ஸ்டில் பயிற்சியில் 2014-ல் 101 புள்ளிகளோடு பட்டம் வென்று மேலே வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2017-ல் லீக் டூ பிளே-ஆஃபில் பிளாக்பூலிடம் தோற்றார்கள். 2018-ல் நேரடியாக ஏறினார்கள். 2019-ல் லீக் ஒன் பட்டத்தோடு மறுபடி ஏற்றம். 2022-ல் சாம்பியன்ஷிப் பிளே-ஆஃபில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் தோற்றார்கள், 2023-ல் ஏறினார்கள். தோற்ற வருடத்துக்கு அடுத்த வருடம் அணி உடையவில்லை என்பதுதான் இங்கே விஷயம். தோல்வி ஒரு கிளப்பை எப்படி உடைக்கும்? மேலே போவோம் என்று நம்பி முன்கூட்டியே செலவழித்திருந்தால், போகாதபோது நல்ல வீரர்களை அவசர விலைக்கு விற்க வேண்டிவரும். அந்தச் செலவைச் செய்யாதவர்களுக்கு அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே அணி இருக்கும்.

இனி பணத்துக்கு வருகிறேன். கால்பந்தில் மிக உறுதியாக நிறுவப்பட்ட ஓர் உண்மை உண்டென்றால் அது இதுதான்: பத்து வருட சராசரியை எடுத்தால், அதிகச் சம்பளம் கொடுக்கும் அணி மேலே இருக்கும், குறைந்த சம்பளம் கொடுக்கும் அணி கீழே இருக்கும். வீரரை வாங்கும் விலையைவிட அவருக்குத் தரும் சம்பளத்துக்குத்தான் இந்தத் தொடர்பு பலமாக இருக்கிறது. வாங்கும் விலையில் பேரம், அவசரம், ஏமாற்றம் எல்லாம் கலந்திருக்கும். சம்பளம் சந்தை அந்த வீரரை எப்படி மதிக்கிறது என்பதை ஓரளவு நேராகக் காட்டும். ஆனால் ஒரே ஒரு சீசனை எடுத்தால் தொடர்பு மிகத் தளர்ந்துவிடும். காயங்கள், ஒரு கோல்கீப்பரின் நல்ல ஃபார்ம், பெனால்டிகள் எல்லாம் அதில் புகுந்துவிடும். சின்ன கிளப்பின் நம்பிக்கை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சாம்பியன்ஷிப்பின் கணக்குகளைப் படித்தால் தலைசுற்றும். அங்கே பல ஆண்டுகளில் கிளப்புகளின் மொத்தச் சம்பளம் மொத்த வருமானத்தைத் தாண்டியிருக்கிறது. நூறு பவுண்டு வருமானம் வந்தால் நூறுக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. மின்கட்டணம், மைதானப் பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். மிச்சத்தை முதலாளி போடுகிறார். மூன்று ஆண்டுகளில் 39 மில்லியன் பவுண்டு வரை நட்டம் காட்டலாம் என்று விதியே அனுமதித்திருந்தது. எல்லாரும் இப்படிச் செய்வதற்குக் காரணம் மேலே இருக்கும் பரிசு. 2023 பிளே-ஆஃப் இறுதியில் வெல்லும் அணிக்குக் குறைந்தது 170 மில்லியன் பவுண்டு கூடுதல் வருமானம் என்று டெலாய்ட் நிறுவனம் மதிப்பிட்டது. இத்தகைய சூதாட்டம் நடக்கும் ஒரு டிவிஷனில், சிறிய சம்பளப் பட்டியலோடு லூட்டன் நான்கு சீசன் தாக்குப்பிடித்து மேலேயும் வந்தது. என்னைக் கேட்டால், அந்த இறுதி ஆட்டத்தைவிட இதுதான் பெரிய சாதனை.

ஆனால் பணமில்லாமல் மேலே வருவதுதான் நல்ல கிளப்புகளின் இயல்பு என்று லூட்டனை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். அது விதிவிலக்கு. பிரைட்டன் 1997-ல் லீக்கை விட்டே வெளியேறும் நிலையில் இருந்து, கடைசி நாளில் ஹெரஃபோர்டோடு 1-1 சமன் செய்து பிழைத்தது. 2017-ல் பிரீமியர் லீக். இடையில் தலைவராக வந்த டோனி புளூம் புது மைதானத்துக்கும் அணிக்கும் கொடுத்த கடன் நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்டு. பிரென்ட்ஃபோர்ட் அறிவால் ஜெயித்த கிளப் என்று பெயரெடுத்தது. அது உண்மைதான், ஆனால் முதலாளி மாத்யூ பென்ஹாமின் பணமும் அதில் சேர்த்தி. போர்ன்மவுத் 2009-ல் 17 புள்ளிக் கழிவோடு லீக் டூவில் தத்தளித்தது. 2015-ல் சாம்பியன்ஷிப் பட்டம் வென்றது. பயிற்சியாளர் எடி ஹவ் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறிய அந்த சீசனில் அவர்கள் நட்ட வரம்பை மீறியிருந்தார்கள்; அதற்காக 2018-ல் 4.75 மில்லியன் பவுண்டு கட்டி விவகாரத்தை முடித்தார்கள். ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் என்ற சிற்றூர் அணி 2008-ல் அந்நாட்டின் முதல் நிலையான பன்டஸ்லீகாவுக்கு வந்ததற்குப் பின்னால் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டீட்மார் ஹாப் இருந்தார்.

பிரென்ட்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லூட்டனில் பார்த்த அதே போக்கு அங்கேயும் தெரிகிறது. 2013 ஏப்ரலில் லீக் ஒன்னின் கடைசி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பெனால்டி. போட்டால் நேரடியாகச் சாம்பியன்ஷிப். பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்படியே எதிர்முனைக்கு ஓடிய டான்காஸ்டர் கோல் போட்டு ஏறிவிட்டது. பிளே-ஆஃப் இறுதியிலும் பிரென்ட்ஃபோர்ட் தோற்றது. அடுத்த வருடமே நேரடியாக ஏறினார்கள். 2020-ல் ஃபுல்ஹாமிடம் பிளே-ஆஃப் இறுதியில் தோற்றபோதும் அப்படித்தான். தாக்குதலின் இரு தூண்களான ஆலி வாட்கின்ஸ், சயீத் பென்ராமா இருவரும் பிரீமியர் லீக் அணிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு பீட்டர்பரோவிலிருந்து கொண்டுவந்த ஐவன் டோனி அந்த சீசனில் 31 லீக் கோல் போட்டார். 2021 இறுதியில் ஸ்வான்சியை 2-0 என்று வென்று, 74 வருடம் கழித்து முதல் நிலைக்கு வந்தார்கள். விற்க வேண்டியவரை விற்பதற்கு முன்பே அடுத்தவர் யார் என்று தெரிந்து வைத்திருப்பதைத்தான் நான் நல்ல நிர்வாகம் என்கிறேன். வீரர் போன பிறகு தேட ஆரம்பிக்கும் கிளப்பிடம் விற்பவர் சொல்வதுதான் விலை.

லூட்டனும் பயிற்சியாளர் விஷயத்தில் இதையே செய்தது. மேலே கொண்டுவந்த நேதன் ஜோன்ஸ் 2019 ஜனவரியில் பாதி சீசனில் ஸ்டோக்குக்குப் போனார்; மிக் ஹார்ஃபோர்ட் இடைக்காலமாகப் பொறுப்பேற்றுப் பட்டத்தை முடித்துக் கொடுத்தார். ஜோன்ஸ் திரும்பி வந்து, 2022 நவம்பரில் மறுபடி சௌதாம்ப்டனுக்குப் போனார். ராப் எட்வர்ட்ஸ் வந்து அதே சீசனில் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார். இரண்டு முறை நடுவழியில் பயிற்சியாளர் போயும் இரண்டு முறையும் அணி ஏறியது. பயிற்சியாளரைத் தாண்டி கிளப்புக்கென்று ஓர் ஆட்டமுறையும் ஆள் எடுக்கும் முறையும் இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெல்லி ரடாக் ம்பான்சு ஐந்தாம் நிலையில் லூட்டனில் சேர்ந்து, அதே கிளப்போடு பிரீமியர் லீக் வரை வந்தார். இப்படி வந்த முதல் வீரர் அவர்தான். ஜேம்ஸ் ஜஸ்டின் போன்ற, சிறுவயதிலிருந்து தங்கள் அகாடமியில் வளர்ந்தவரை விற்ற பணம் மற்ற இடங்களை நிரப்பியது.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளரை மாற்றாமல் வைத்திருப்பதுதான் இரகசியம் என்று பலர் சொல்வார்கள். அதற்கு ஜெர்மனியின் ஹைடன்ஹைமைக் காட்டுவார்கள். நியாயம்தான். ஃபிராங்க் ஷ்மிட் 2007-ல் பொறுப்பேற்றார். 2008, 2009, 2014 என்று படிப்படியாக ஏறி 2023-ல் அதே மனிதரின் கீழ் பன்டஸ்லீகா. சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஆனால் லூட்டன் அதே உயரத்தைப் பல பயிற்சியாளர்களை மாற்றித் தொட்டது. மேலும், ஜெயிக்கும் பயிற்சியாளரை யாரும் நீக்க மாட்டார்கள். நீண்ட காலம் இருந்ததால் ஜெயித்தாரா, ஜெயித்ததால் நீண்ட காலம் இருந்தாரா என்பதைப் பிரித்தெடுப்பது கடினம். வீரர்களை எண்களை வைத்து எடைபோடும் தரவு ஆய்வு பற்றிய பேச்சும் இப்படித்தான். பிரென்ட்ஃபோர்டின் தரவு ஆய்வைப் புகழ்கிறவர்கள், ஆய்வாளர்களை வைத்துக்கொண்டும் ஏறாத கிளப்புகளை எண்ணுவதில்லை. தரவு உதவுகிறது என்று நம்புகிறேன். எவ்வளவு என்று எண்ணில் சொல்பவர்களை நம்புவதில்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? 2023 மே 27, வெம்ப்லி. லூட்டனும் கொவென்ட்ரியும் 1-1. இரண்டுமே ஐந்து வருடம் முன்பு லீக் டூவில் ஆடி, ஒரே சீசனில் அங்கிருந்து ஏறிய அணிகள். பெனால்டியில் இரு பக்கமும் முதல் ஐந்தையும் போட்டன. ஆறாவதை லூட்டன் போட்டது, கொவென்ட்ரி வெளியே அடித்தது. அதே மாதம் ஹைடன்ஹைம், கடைசி ஆட்டத்தில் ரேகன்ஸ்பர்கிடம் 2-0 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு 3-2 என வென்று ஏறியது. ஹைடன்ஹைம் வெல்லாவிட்டால் ஏறியிருக்க வேண்டிய ஹாம்பர்க் அணியின் ரசிகர்கள் ஏறிவிட்டோம் என்று கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். அந்த நாளின் முடிவை அதிர்ஷ்டம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த நாளில் அங்கே நின்றது அதிர்ஷ்டமில்லை.

மாற்று வழிக்கும் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் கிரெட்னா. சில ஆயிரம் பேர் வாழும் ஊர். 2002-ல் லீக்குக்குள் வந்தது. புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தரின் பணத்தில் 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஏறி முதல் நிலைக்குப் போனது. 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ஹார்ட்ஸிடம் பெனால்டியில்தான் தோற்றது. சொந்த மைதானம் முதல் நிலைத் தகுதிக்கு எட்டாததால் வீட்டு ஆட்டங்களை மதர்வெல்லில் ஆடினார்கள். 2008 தொடக்கத்தில் மைல்சன் நோயுற்றார், பணம் நின்றது, மார்ச்சில் திவால் நடவடிக்கை, ஆகஸ்டில் கிளப்பே இல்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கிளப்பின் மீது அன்பு கொண்டுதான் கொடுத்தார். ஆனால் ஒருவரின் உடல்நிலையைத் தவிர வேறு எதன் மீதும் அந்தக் கிளப் நிற்கவில்லை. இங்கிலாந்தில் பரி 2019-ல் லீக் டூவிலிருந்து ஏறிய அதே கோடையில், கடன்களைத் தீர்க்க வழி காட்ட முடியாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. களத்தில் ஏறுவதும் கிளப் பிழைப்பதும் தனித்தனிக் கணக்குகள்.

ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் லூட்டனின் கதை முழுமையாகாது. பிரீமியர் லீக்கில் ஒரே சீசன்; 26 புள்ளிகளோடு 18-ஆவது இடம். அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் இறங்கி, 2025-ல் லீக் ஒன்னுக்குப் போனார்கள். இதை வைத்து 2023-ஐ ஒரு விபத்து என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஐந்தாம் நிலையில் சரியாக வேலை செய்த ஆள் எடுக்கும் முறை, மேலே போகப் போக அதிகப் பணமுள்ளவர்களோடு போட்டி போடவேண்டியிருக்கிறது. அங்கே ஒரு தவறின் விலையும் பெரிது. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் அணிகளின் வருமான இழப்பைத் தாங்கத் தரப்படும் இறக்க உதவித்தொகையும், ஒரே சீசனில் இறங்கும் அணிக்கு மூன்று ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டுதான். ஸ்பெயினில் இருபத்தேழாயிரம் பேர் கொண்ட எய்பார் ஊரின் அணி 2014-ல் அங்கே முதல் நிலையான லா லீகாவுக்கு வந்து ஏழு சீசன் நிலைத்தது. அவர்களும் முதல் சீசனில் 18-ஆவதாக முடித்து இறங்கியிருக்க வேண்டியவர்கள். எல்சே அணி கடன் பிரச்சினையால் கீழே தள்ளப்பட்டதால் தப்பினார்கள். கடனில்லாத கிளப்பாக இருந்ததன் பலன் அங்கே வேறு விதமாகக் கிடைத்தது.

ஆக, வேறு சின்ன கிளப்பாலும் முடியுமா? லீக் டூ வரை, லீக் ஒன் வரை, நல்ல நிர்வாகம் மட்டுமே கொண்டு போய்விடும் என்று தயங்காமல் சொல்வேன். சாம்பியன்ஷிப்பைத் தாண்டுவதற்கு முதலாளியின் பணம் வேண்டும், அல்லது லூட்டனுக்குக் கிடைத்தது போன்ற ஒரு நாள் வேண்டும். நீங்கள் பின்தொடரும் கிளப் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க விரும்பினால், புள்ளிப்பட்டியலை மூடிவைத்துவிட்டு அதன் ஆண்டுக் கணக்கைத் திறங்கள். வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம், முதலாளி போட்ட பணம் பங்காகப் போட்டதா கடனாகக் கொடுத்ததா, மைதானம் கிளப்பின் பெயரில் இருக்கிறதா அல்லது முதலாளியின் வேறு நிறுவனத்தின் பெயரில் மாற்றப்பட்டிருக்கிறதா. இந்த மூன்றில் நான் முதலில் பார்ப்பது மைதானம். அது கைமாறியிருந்தால், அணி அந்த வாரம் முதலிடத்தில் இருந்தாலும் கவலைப்பட ஆரம்பிப்பேன்.